கடைசிப் பக்கம் சொல்லாத கண்ணாடி பாய்

காஞ்சிபுரத்தில் அதிகம் திட்டு வாங்கிய மனிதர் யார் என்று யாராவது போட்டி வைத்தால் மற்றவர்கள் வரவே வேண்டாம், வீட்டில் படுத்துத் தூங்கலாம். கண்ணாடி பாய் பரிசை வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விடுவார். அந்தத் திட்டில் பாதி நான் திட்டியது. என் திட்டு லேசான திட்டு இல்லை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால், டிரைவர் முதலில் என் குடம் நிறைந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த குடத்துக்குக் குழாயை நகர்த்துவான்.

பாய்க்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடி விற்கிறவர், அதனால் கண்ணாடி பாய். கோபம் வந்த நாட்களில் முக்கால் பாய். ஏன் முக்கால் என்பதைச் சொல்கிறேன், பொறுங்கள். எனக்கு அவசரம் ஆகாது. பட்டு நெய்கிறவள் அவசரப்பட்டால் இழை அறுந்துபோகும்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒலிமுகமதுபேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதைத் திறந்தால் கண்ணாடிகள் கருவாடு மாதிரி வரிசையாகத் தொங்கும். முன்னால் ஒரு பை. அந்தப் பை நிறையப் புத்தகம். பழைய பேப்பர் கடையில் தராசுக்குப் போக இருந்ததை எல்லாம் கெஞ்சி வாங்கி வைத்திருப்பார். ஒன்றுக்கு அட்டை இருக்காது, இன்னொன்றின் ஓரத்தைக் கரையான் தின்றிருக்கும்.

நெசவு செய்கிறவர்களுக்கு வயதானால் முதலில் போவது கண்தான். தலைமுடியைவிட மெலிசான இழை அறுந்தால் அதைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். வாங்க வந்தவன் கையில் ஒரு நூலைக் கொடுத்து, தெரிகிறதா என்று கேட்டால் கண்ணாடி வியாபாரம் முடிந்தது. பாய் அப்படிச் செய்யமாட்டார். புத்தகத்தை நீட்டுவார்.

"பாய், நான் நூலுக்குக் கண்ணாடி கேட்டா, நீ புஸ்தகத்தக் காட்டிக்கினு இருக்கறியே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எழுத்து தெரிஞ்சா நூலு தானாத் தெரியும்ணே."

"எனக்குப் படிக்கத் தெரியும். இவ இன்னா பண்ணுவா?"

"அதுக்குத்தான் நான் இருக்கறனே. நான் படிக்கறேன், அக்கா எழுத்து மேல கண்ண வெச்சுக்கினு வரட்டும்."

நான் இரண்டாங்கிளாஸ் வரை போனவள். பஸ் போர்டு படிப்பேன். எழுத்துக் கூட்டினால் கடை போர்டும் படிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் நான் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் மணமேடையில் உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட என் மூக்கில் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, பாய் விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். மழையில் நனைந்துகொண்டு ஒரு பெண் மூடிய கதவைத் தட்டுகிறாள். உள்ளே யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. தாழ்ப்பாள் அசைகிறது. பாய் புத்தகத்தை மூடிவிட்டார்.

"கண்ணாடி நல்லா இருக்குதா அக்கா?"

"கண்ணாடி கெடக்கட்டும் பாய். கதவத் தெறந்தது யாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அடுத்த செவ்வாக்கெழம படிக்கலாம்ணே."

அன்றைக்குப் பிடித்தது சனியன்.

பிறகு வாரா வாரம் எங்கள் தறி வீட்டு வாசலில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நாங்கள் நெய்துகொண்டே கேட்போம். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது. பக்கத்து வீடுகளில் ரேடியோவை நிறுத்திவிட்டு, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நெய்வார்கள். பாய் சாதாரணமாகப் படிக்கமாட்டார். ஆணுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல், குதிரைக்குக்கூட ஒரு குரல். ஒருநாள் கதைக்குள் புகுந்த கொள்ளைக்காரனைப் பார்த்து, "ஐயோ, திருடன், திருடன்!" என்று ஒரு அலறல் அலறினார். தெருவில் இருந்த ஆண்கள் எல்லாம் கையில் கிடைத்த கட்டையோடு ஓடிவந்தார்கள். பக்கத்து வீட்டுச் சரோஜா துடைப்பத்தோடு வந்தாள். அந்தச் சமயம் பார்த்துக் கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டு ஒரு வெளியூர்க்காரர் தெருவுக்குள் நுழைந்தார். பாவம், அவருக்கு அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு இறங்கியிருக்காது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். புடவை திரும்பி வந்ததைப் பொறுக்கமாட்டேன்.

நாங்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். ஒரு ஆள் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்ய, இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் வைத்த நாடாக் கட்டையை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். தறியில் என் வீட்டுக்காரர், பக்கத்தில் நான். இரண்டு பேர் கையும் ஒரே தாளத்தில் போனால்தான் துணி சீராக வரும். அந்த வாரம் பாய் படித்த கதையில் ஒரு படகு கவிழ்ந்து குழந்தை ஒன்று காணாமல் போய்விட்டது. நாங்கள் என்ன கண்டோம்? நெய்துகொண்டேதான் இருந்தோம்.

புடவை வாங்குகிற முதலாளி அதை விரித்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் புருவம் மேலே போனது, கீழே வரவே இல்லை.

"இன்னாமா இது? இங்க கல்லு மாதிரி இறுகிக் கெடக்குது. ஒரு முழம் தாண்டுனா கொசுவலை மாதிரி இருக்குது. மறுபடியும் கல்லு. புருஷன் பொண்டாட்டி சண்ட போட்டுக்கினே நெஞ்சீங்களா?"

என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். இறுகின இடத்தில் விரலை வைத்தார். "இதுங்களா, படகு கவுந்த எடம்."

"எந்தப் படகு?"

"ஆத்துல போன படகுங்க. கை தானா வேகமா அடிச்சிடுச்சு. இந்தக் கொசுவலை இருக்குது பாருங்க, அது அம்மாக்காரி கரையில நின்னு கூப்புட்ற எடம். அழுக வந்துடுச்சு, கையில வலுவே இல்ல."

முதலாளி அந்தக் கொசுவலை இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கொழந்த கெடச்சுதா?"

"தெரியலீங்க. பாய் நிறுத்திட்டாரு."

"யோவ்! நிறுத்திட்டாருன்னா?" என்று முதலாளி போட்ட சத்தம், புடவை கெட்டதற்குப் போட்ட சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. புடவை திரும்பி வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் தெருமுனையில் அவருடைய கார் நின்றது. ஏசி காற்று வெளியே போகப் போகக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் கை பட்டு ஒரு புடவை திரும்பியது அந்த ஒரு முறைதான். அதற்காக நான் பாயைத் திட்டிய திட்டு ஊர் தாண்டிக் கூரம் வரை கேட்டிருக்கும். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப அழுதீங்களா அக்கா?" கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, அதற்கே இன்னொரு தவணை திட்டினேன்.

இப்போது முக்காலுக்கு வருகிறேன். பாய் எந்தக் கதையையும் முடிக்கமாட்டார். முக்கால் புத்தகம் வரை படிப்பார். கத்தி கழுத்துக்கு வந்திருக்கும், தாலி மாப்பிள்ளை கைக்கு வந்திருக்கும், அந்த இடத்தில் டப்பென்று மூடிவிடுவார். புத்தகத்தை யார் கேட்டாலும் சும்மா கொடுத்துவிடுவார். "மிச்சத்த நீங்களே படிச்சுக்கோங்க." முடிவை மட்டும் வாயால் சொல்லமாட்டார். கேட்டால் வியாக்கியானம் வேறு.

"அடுத்தவன் மென்ன வெத்தலைய வாங்கி வாயில போட்டுக்குவியா அக்கா? மாட்ட இல்ல? முடிவும் அப்படித்தான். அவங்கவங்க பல்லால மெல்லணும்."

தெருவே சேர்ந்து மிரட்டியும் கெஞ்சியும் பார்த்தது. டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள், உருட்டிக்கொண்டே போனார். சூடாக இட்லி கொடுத்துக் கேட்டார்கள். இட்லியைத் தின்றுவிட்டு வெற்றிலைக் கதையைச் சொன்னார். ஈத்துக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்குச் சேமியா வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் போகும். அந்த வருஷம் வெல்லமே போடாமல் அனுப்பினேன். தூக்கைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தவர், "சக்கரைப் பொங்கல் தேன் மாதிரி இருந்துச்சுக்கா" என்றார். அப்படிப்பட்ட ஆளை என்ன செய்ய முடியும்?

வேறு வழியில்லாமல் தெரு படித்தது. திட்டிக்கொண்டே கண்ணாடி வாங்கி, திட்டிக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். எங்கள் தெருவில் எந்தப் புத்தகத்தையும் யாரும் முதல் பக்கத்திலிருந்து படித்தது கிடையாது. ஆனால் கடைசிக் கால் பாகத்தைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். சரோஜா வேகமாகப் படிக்கிறவள். முடிவைத் தெரிந்துகொண்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு தெருவில் நடப்பாள். அவளிடம் போய்க் கேட்பதா? அவள் குழம்பில் உப்புப் போதாது என்று சொன்னவள் நான்.

எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. சாயங்காலம் தறி நின்றதும் என் வீட்டுக்காரர் மிச்சத்தைப் படித்துச் சொல்லிவிடுவார். முடிவு நல்லதாக இருந்தால் கையைத் தட்டுவார், கெட்டதாக இருந்தால் மூக்கைச் சிந்துவார். என் முடிவுகள் எல்லாம் அவர் வாயால் வந்தவைதான். மென்ற வெற்றிலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இனித்தது.

அவர் ஒரு நாள் காலையில் தறியிலேயே சாய்ந்துவிட்டார். மார்வலி. ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் என் கொழுந்தன் ஏகாம்பரம் வந்தான். வீட்டுக்காரரின் தம்பி, ஐயம்பேட்டையில் இருக்கிறவன். தறியைச் சுற்றிச் சுற்றி வந்து நீளம் அகலம் பார்த்தான். கையில் ஒரு இஞ்ச் டேப் இல்லாத குறைதான்.

"அண்ணி, நீங்க தனியா இங்க இன்னா பண்ணப் போறீங்க? கோயில் பக்கத்து எடம். இடிச்சுட்டு லாட்ஜ் கட்டுனா கார்ல வர்ற ஜனம் க்யூல நிக்கும். நீங்க ஆறு மாசம் பொண்ணு வூட்ல இருங்க, ஆறு மாசம் எங்க வூட்ல இருங்க. ராணி மாதிரி பாத்துக்கறோம்."

"தறி?"

"அத்த யாரு ஓட்டப் போறாங்க? நீங்க பக்கத்துல குந்தி நாடா தள்ளுனவங்கதானே? தறியில குந்தறதுக்கு ஆம்பள வேணாமா? அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கெழம பெரியப்பாவ இட்டுக்கினு வரேன். சாவியக் குடுத்துடுங்க, பத்திரமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

வீடு என் புருஷன் பெயரில், தம்பிக்குப் பங்கு கிடையாது. தறி நானும் அவரும் சேர்ந்து வாங்கியது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஊரையே திட்டுகிற வாய், அவன் முன்னால் அடைத்துக்கொண்டது. சரி என்று சொல்வதுதான் முறையோ என்றுகூட நினைத்தேன். பெண் வீட்டுக்குப் போன் போட்டால் அவளும், "சித்தப்பா சொல்றதும் சரிதானம்மா" என்கிறாள்.

அந்த நேரம் பார்த்தா பாய் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

அதில் வடிவு என்று ஒருத்தி. எண்ணெய்ச் செக்கு வைத்துப் பிழைக்கிற குடும்பம். புருஷன் செத்துப்போகிறான். கொழுந்தன் வந்து செக்கு வீட்டுச் சாவியைக் கேட்கிறான். பாய் நான்கைந்து வாரமாக அதைப் படித்துக்கொண்டுவந்தார். நான் தறி நின்றுபோன வீட்டில் சும்மா உட்கார்ந்து கேட்டேன். ஏகாம்பரம் வரப்போகிற வாரத்துச் செவ்வாய்க்கிழமை, வடிவு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வருகிறாள். எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள். டப்.

"பாய், இந்த ஒரு தடவ சொல்லிட்டுப் போ. சாவியக் குடுத்தாளா, இல்லியா?"

"படிச்சுக்கோ அக்கா."

"எனக்குப் படிச்சுச் சொல்ற ஆளு போய்ட்டாரு. உனக்குத் தெரியாதா?"

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்தார். "காசு வேணாம். இத்த வெச்சுக்கோ" என்று சைக்கிளில் ஏறினார். ஏறின வேகத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போனார். அதை எடுத்து அவர் போன திசையிலேயே வீசினேன். குறி தவறிவிட்டது. இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

சரோஜாவைப் படித்துச் சொல்லக் கேட்கலாம். கேட்டால், ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குச் சாவியையே கொடுத்துவிடலாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என்ன எழுத்து, என்ன எழுத்து! ஒரு வரியின் கடைசிக்குப் போவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. திரும்பி வர வேண்டியிருக்கிறது. அடுப்பில் சோறு தீய்ந்தது. பால் பொங்கி அடுப்பையே அணைத்தது. வடிவு வாயைத் திறப்பாள் என்று பார்த்தால், எழுதின புண்ணியவான் நிலாவைப் பற்றி எழுதுகிறார். ஒரு பக்கம் முழுக்க நிலா. அவருக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது ஒரு மணி நேரம். இன்றைக்கும் பௌர்ணமிக்கு எங்கள் தெருவே நிலாவை அண்ணாந்து பார்க்கும், நான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "சொல்லித் தொலைடி, குடுத்தியா இல்லியா?" என்று புத்தகத்தைப் பார்த்துக் கத்தினேன். சன்னல் வழியாகச் சரோஜா எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தலையை இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

கொடுத்துவிட்டாள்.

சாவியைக் கொழுந்தன் காலடியில் வைக்கிறாள். அவன், "நீங்கள் தெய்வம் அண்ணி" என்கிறான். அவள் கண்ணில் ஆனந்தக் கண்ணீராம். வீட்டில் விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்ததாம். முற்றும்.

புத்தகத்தைச் சுவரில் அடித்தேன். போய் எடுத்துவந்து, பக்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் பிரித்துப் பார்த்தேன். அட்டைதான் இருந்தது. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? இத்தனை நாள் எழுத்துக் கூட்டி, சோற்றைத் தீய்த்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு வந்தது இதற்கா? மாட்டைப் பூட்டி அந்தச் செக்கை வருஷக்கணக்காக ஓட்டியவள் அவள். அந்தத் தடியன் ஒரு நாளாவது ஒரு எள்ளை எடுத்துப் போட்டானா? "உனக்குக் கையில்லையாடி? வாயில்லையாடி?" என்று அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். திட்டத் திட்ட, அடைத்திருந்த வாய் திறந்துகொண்டது.

அந்தச் சூட்டோடு ஏகாம்பரம் வந்து சேர்ந்தான். பெரியப்பா, வாழைப்பழச் சீப்பு, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் கூட வந்தன. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு, குரலைக் குழைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"அண்ணி, நீங்க எங்களுக்குத் தெய்வம் மாதிரி..."

அந்த வார்த்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னிடமா?

"யார்ரா தெய்வம்? தெய்வம்னா கோயில்ல இருக்கட்டும், போய்க் கும்புட்டுக்கோ. இங்க இருக்கறது நெசவுக்காரி. காலடில சாவிய வெப்பேன்னு பாத்தியா? ஆனந்தக் கண்ணீர் வருமுன்னு பாத்தியா? வெளக்கு நல்லா எரியும்னு பாத்தியா?"

"இன்னா அண்ணி, நான் வெளக்கப் பத்திச் சொல்லவே இல்லியே?" என்று அவன் விழித்தான்.

"சொல்லுவடா! இன்னும் கொஞ்சம் விட்டா அதையும் சொல்லுவ!"

பெரியப்பா எழுந்தார். "பொம்பள இப்படிப் பேசலாமாம்மா? தறிய யாரு ஓட்டுவாங்க?"

நான் நேராகப் போய் என் வீட்டுக்காரர் உட்கார்ந்த தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தேன். அத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த இடம். கால் எட்டவில்லை, எட்டிப் பிடித்து மிதித்தேன். "ஏ சரோஜா! வாடி, பக்கத்துல குந்து. நாடாவப் புடி!" என்று சன்னலைப் பார்த்துக் கத்தினேன். அவள் சன்னலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் வேறு எங்கே இருப்பாள்? ஓடிவந்து உட்கார்ந்தாள். தறி ஓட ஆரம்பித்தது. ஏகாம்பரம் என்னென்னவோ பேசினான். தறிச் சத்தத்தில் அவன் பேச்சு அவனுக்கே கேட்டிருக்காது. கடைசியில் வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்வீட் பாக்ஸை மறந்துவிட்டார்கள். நானும் சரோஜாவும் தின்றோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தேன். கொழுந்தன் மேல் காட்டியது போக மிச்சக் கோபம் பாய்க்கு என்று வைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, தறிச் சத்தம் தெருமுன வரைக்கும் கேக்குது!"

"வா பாய். உன்னத்தான் பாத்துக்கினு இருக்கறேன். இது ஒரு கதையா? புருஷனப் பறிகொடுத்துட்டு நிக்கறவகிட்ட வந்து, சாவியக் குடுத்துட்டான்னு முடியற கதையப் படிக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"குடுத்துட்டாளா?" என்றார் பாய்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பக்கெட்டைக்கூடக் கவிழ்க்காமல் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பாய், தெரியாத மாதிரி கேக்கற?"

"தெரியாதுக்கா. நான் முடிவு எதையும் படிக்கறதில்ல."

"எதையுமா? அப்ப வெத்தல?"

"அது சும்மா சொன்னது." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "என் பொஞ்சாதி மௌத்தான வருஷம் ஒரு புஸ்தகத்தக் கடைசி வரைக்கும் படிச்சேன். அதுலயும் அந்தப் பொண்ணு போய்ட்டா. அதோட சரி. எங்க எல்லாரும் இருக்கறாங்களோ, அந்த எடத்துல மூடிடுவேன். அவங்க அங்கியே இருப்பாங்க இல்ல?"

ஊரையே அலையவிட்ட மனுஷன், முதலாளியைக் காரில் காத்திருக்க வைத்த மனுஷன், என் புடவையைத் திருப்பி அனுப்ப வைத்த மனுஷன். பயந்துகொண்டு புத்தகத்தை மூடியிருக்கிறார்! அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தகரப் பெட்டியைத் தெருவில் கவிழ்த்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். வடிவு அவருக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இரு பாய், முழுசாக் கேளு" என்றேன். "சாவிய வெச்சா. அது ஒரு பக்கம். அவன், நீ தெய்வம்னு சொன்னான் பாரு, அடுத்த பக்கத்துல இவளுக்கு வந்துச்சு கோவம். வெச்ச சாவிய வெடுக்குனு எடுத்துக்கினு போய்ச் செக்கு மேல ஏறிக் குந்திக்கினா. மாட்ட முடுக்கி விட்டா. அவன் பேசிப் பேசிப் பாத்துட்டு, வந்த வழியே போய்ட்டான்."

"அப்படியா போட்டிருக்குது?"

"பின்ன, நான் பொய்யா சொல்றேன்?"

பாய் கைலியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "செக்கு மேலயே ஏறிட்டாளா!" என்று சிரித்தார். போகும்போது தெரு முழுக்க மணியடித்துக்கொண்டே போனார்.

அப்படி ஒரு பக்கம் அந்தப் புத்தகத்தில் கிடையாது.

நான் இன்றைக்கும் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாய் இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை வருகிறார். முட்டி வலி என்று இப்போது மொபெட். முக்கால் வரை படித்துவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிடுவார். மிச்சத்தை நான் படிக்கிறேன். இப்போது சோறு தீய்வதில்லை. அடுத்த வாரம் வந்து, கண்ணாடிகளைத் துடைக்கிற சாக்கில், "அக்கா, அது இன்னா ஆச்சு?" என்பார். நான் சொல்வேன். நான் சொல்லும் கதைகளில் ஆற்றில் விழுந்தவன் நீந்திக் கரையேறிவிடுவான். விஷம் குடித்தவளுக்கு அது கலப்பட விஷமாகப் போய்விடும். எழுதினவர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், என் தெருவுக்கு வந்து பேசட்டும்.

நான் சொல்லும் இந்தக் கதையைப் பத்திரிகையில் போட்டால் பாய்க்குத் தெரிந்துவிடாதா என்று சரோஜா கேட்கிறாள். தெரியாது. இதையும் அவர் முக்கால் வரைதான் படிப்பார்.

இந்த வாரம் கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தில், தனியாக இருக்கிற ஒரு வயதானவர் கடைசிப் பக்கத்தில் கண்ணை மூடிவிடுகிறார். நல்ல மனிதர். செவ்வாய்க்கிழமைக்குள் அவரை எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும், பாய் தாங்கமாட்டார்.